பனாட்டு எங்கே போனது? – கணினிக் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் எனம் (enum) பற்றியவை. செய்நிரலில் ஒரு வகைக்குள் வரக்கூடிய மதிப்புகளுக்கு நாமே பெயர் சூட்டி வைக்கும் பட்டியல்தான் எனம். ஏதோ ஒரு பாடநெறியில் எல்லோருக்கும் ஒரே ஒப்படையைக் கொடுத்திருக்கிறார்கள் போலும். ஒப்படையை நான் செய்து தர மாட்டேன் என்பது இந்தப் பகுதியின் பழைய வாசகர்களுக்குத் தெரியும். ஆனால் கேள்விகள் நல்ல கேள்விகள். ஆகவே மெதுவான மடிக்கணினிகளையும் மை வற்றிய அச்சுப்பொறிகளையும் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன்.

கேள்வி: ரீச்சர், பஸ் நேர அட்டவணைக்கு ஒரு செய்நிரல் எழுதுகிறேன். பஸ்ஸின் நிலையைக் குறிக்க ‘புறப்படவில்லை, ஓடுகிறது, வந்தது, ரத்து’ என்று நான்கு பெயர் கொண்ட எனம் வைத்திருக்கிறேன். ஜாவாவில் அச்சிட்டால் பெயர் வருகிறது. அதையே சி பிளஸ் பிளஸ்ஸில் அச்சிட்டால் 2 என்று வருகிறது. பெயர் எங்கே போகிறது? – கொக்குவில் மாணவர்

பதில்: தம்பி, கூரை வேலை செய்யும் தச்சரைப் பார்த்திருப்பீர்கள். கீழே வைத்து மரம் அறுக்கும்போது ஒவ்வொரு துண்டிலும் பென்சிலால் ஓர் அடையாளம் போடுவார். ‘கிழக்கு 3’, ‘மேற்கு 1’ என்று. மேலே ஏற்றிப் பொருத்தியதும் அந்த அடையாளத்துக்கு வேலை இல்லை. சீவிவிடுவார், அல்லது வர்ணத்துக்குள் மறைந்துவிடும். நீங்கள் எழுதியதைக் கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றும் சி பிளஸ் பிளஸ்ஸின் தொகுப்பான் (compiler) அந்தத் தச்சர். ‘வந்தது’ என்ற சொல் உங்களுக்கும் தொகுப்பானுக்கும் இடையில் மட்டும் உயிரோடு இருக்கிறது. 0, 1, 2 என்று எண்ணிக்கொண்டு வந்து, ‘வந்தது’ என்று எழுதிய இடமெல்லாம் 2 என்று பொருத்திவிட்டு, சொல்லைத் தூக்கி எறிந்துவிடுகிறது. ஓடும்போது அந்தச் சொல்லைத் தேடினால் கிடைக்காது. அது அங்கே இல்லை.

2011ஆம் ஆண்டுத் தரத்தில் வந்த ‘எனம் கிளாஸ்’ வகையைப் பயன்படுத்திப் பாருங்கள். அந்த 2 கூட வராது. அச்சிடவே முடியாது என்று தொகுப்பான் சண்டைக்கு வரும். என் அபிப்பிராயத்தில் அதுதான் நேர்மை. பெயர் தெரியாதவன் வாயை மூடிக்கொண்டிருப்பது நல்லது.

ஜாவா வேறு விதமான தச்சர். 2004இல் வந்த ஐந்தாம் பதிப்பில் எனத்தைச் சேர்த்தபோதே, ஒவ்வொரு பெயரையும் ஒரு முழுப் பொருளாகச் செய்துவிட்டார்கள். ‘வந்தது’ என்பது ஒரு பொருள். அதற்குள் அதன் பெயரும் இருக்கிறது, பட்டியலில் அது எத்தனையாவது என்ற எண்ணும் இருக்கிறது. அதனால் ‘உன் பெயர் என்ன?’ என்று ஓடும்போதே கேட்கலாம். ‘உன் வகையில் இன்னும் யார் யார் இருக்கிறார்கள்?’ என்றும் கேட்கலாம். அப்படித் தன் உறுப்புகளைப் பற்றித் தானே விசாரித்து அறியும் வசதிக்குத்தான் ரிஃப்ளெக்‌ஷன் என்று பெயர். சி ஷார்ப் மொழியில் எனம் வெறும் எண்தான். ஆனால் பெயர்களின் பட்டியல் செய்நிரல் கோப்புக்குள்ளேயே கூட வருகிறது. பைதன் 2014இல், 3.4ஆம் பதிப்பில்தான் எனத்தைப் பெற்றது. பிந்தி வந்தாலும் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறது.

நான் டர்போ பாஸ்கல் படித்த நாட்களில் எங்கள் ரியூசன் கொட்டிலில் ஜெனரேட்டர் மாலையில் இரண்டு மணி நேரம்தான் ஓடும். செய்நிரலைக் கொப்பியில் எழுதி, மனத்தில் ஓட்டிப் பார்த்து, பிறகுதான் விசைப்பலகையில் கை வைப்போம். அப்படி மிச்சம் பிடித்த நேரத்தில் கிழமை நாட்களுக்கு ஓர் எனம் செய்து அச்சிடப் போனேன். பிழை 64: இந்த வகையை வாசிக்கவோ எழுதவோ முடியாது. ஏழு நாளுக்கும் ஏழு வரி கையால் எழுதி முடிக்க ஜெனரேட்டர் நின்றுவிட்டது. ஆகவே 2 என்றாவது வருகிறதே என்று சந்தோஷப்படுங்கள்.

கேள்வி: சி பிளஸ் பிளஸ்ஸில் எனத்தின் பெயரை எடுக்க ‘கியூட்’ (Qt) என்ற நிரல் நூலகத்தைப் பயன்படுத்தச் சொன்னார்கள். ‘கியூ எனம்’ என்ற வரியையும் சேர்த்துவிட்டேன். முதலில் எனத்தையே தெரியாது என்றது. இடம் மாற்றினேன். இப்போது ‘விடேபிள்’ எதையோ காணவில்லை என்கிறது. மூன்று இரவு போய்விட்டது. – சுன்னாகம் வாசகி

பதில்: தங்கச்சி, மூன்று இரவு அதிகம். எனக்கு முதன்முறை இரண்டு இரவு போனது. ஆகவே வெட்கப்பட ஒன்றுமில்லை.

முதலில் அந்த வரி என்ன செய்கிறது என்று பாருங்கள். கியூட்டில் ‘மொக்’ என்று ஒரு துணைக் கருவி உண்டு. தொகுப்பானுக்கு முன்பே அது உங்கள் தலைப்புக் கோப்பை வாசிக்கிறது. தச்சர் சீவுவதற்கு முன் பக்கத்தில் நின்று பென்சில் அடையாளங்களையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளும் பையனைப் போல. எழுதிய கொப்பியை அது இன்னொரு சி பிளஸ் பிளஸ் கோப்பாக உங்கள் கட்டுமான உறையில் (build folder) போட்டுவிடும். ஒருமுறை அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள். பெயர்கள் வரிசையாக எழுத்தாகவே இருக்கும். பக்கத்தில் எண்களின் அட்டவணை இருக்கும். மாயம் ஒன்றும் இல்லை என்று அப்போது விளங்கும். ஓடும்போது நீங்கள் கேட்கும் கேள்விக்கெல்லாம் இந்தக் கொப்பியைப் பார்த்துத்தான் பதில் வருகிறது.

இனி உங்கள் முதலாவது பிழை. பழைய கியூட்டில் ‘கியூ எனம்ஸ்’ என்று பன்மையில் ஒரு வரி இருந்தது. அது மொக்குக்கு மட்டும் உரிய குறிப்பு. தொகுப்பானின் கண்ணுக்கு அது வெறுமை. அதனால் எனத்துக்கு மேலே எழுதினாலும் கீழே எழுதினாலும் ஒன்றுதான். 2015இல் வந்த 5.5ஆம் பதிப்பின் ஒருமை ‘கியூ எனம்’ அப்படியில்லை. அது எனத்தின் பெயரைச் சொல்லி உண்மையான செயற்கூறுகளாக விரிகிறது. ஆகவே எனத்தை அறிவித்த பிறகுதான் அதை எழுத வேண்டும். பழைய பாடக்குறிப்பைப் பார்த்து எழுதியவர்கள் எல்லோரும் விழும் குழி இது.

இரண்டாவது பிழை. ‘கியூ எனம்’ மட்டும் போதாது. எனம் இருக்கும் வகுப்பில் (class) ‘கியூ ஆப்ஜெக்ட்’ என்ற வரியும் வேண்டும். எடை குறைந்த வகுப்பானால் ‘கியூ கேட்ஜெட்’ போதும். நீங்கள் அதைப் பிறகு சேர்த்திருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். சேர்த்தபின் கட்டுமான ஏற்பாட்டை மீண்டும் முதலிலிருந்து ஓடவிடவில்லை. இந்தக் கோப்பையும் இனிப் பார்க்க வேண்டும் என்று மொக்குக்கு யாரும் சொல்லவில்லை. கொப்பிக்காரப் பையன் வேலைக்கு வராத நாள். தொகுப்பான் அவன் எழுதியிருக்க வேண்டிய பக்கத்தைத் தேடுகிறது, கிடைக்கவில்லை, ‘விடேபிள்’ (வகுப்பின் செயற்கூறுகளுக்கான அட்டவணை) இல்லை என்று தன் பாஷையில் அழுகிறது. பிழைச் செய்தி ஒன்றைச் சொல்ல, காரணம் வேறெங்கோ இருப்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. கட்டுமான உறையை முழுதாக அழித்துவிட்டு மறுபடி கட்டுங்கள். அப்படியும் சரிவராவிட்டால், வகுப்பைத் தலைப்புக் கோப்பில் எழுதாமல் நேரே மூலக் கோப்பில் எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

வேலை செய்யத் தொடங்கிய பிறகு இன்னும் இரண்டு இடத்தில் தடுக்கும். எண்ணைக் கொடுத்துப் பெயர் கேட்கும்போது, அந்த எண் பட்டியலில் இல்லையென்றால் வெறுமையான சுட்டி வரும். பார்க்காமல் அச்சிட்டால் செய்நிரல் விழும். பெயரைக் கொடுத்து எண் கேட்கும்போது, பெயர் இல்லையென்றால் −1 வரும். உங்கள் எனத்திலேயே −1 ஒரு மதிப்பாக இருந்தால்? அதற்காகத்தான் ‘சரியா, பிழையா’ என்று சொல்லும் இரண்டாவது உள்ளீடு ஒன்றை வைத்திருக்கிறார்கள். அதை ஒருவரும் பயன்படுத்துவதில்லை. நீங்களாவது பயன்படுத்துங்கள்.

வகுப்புக்கு வெளியே, பெயர்வெளிக்குள் எனம் வைத்திருப்பவர்களுக்கு 5.8ஆம் பதிப்பிலிருந்து தனி வரிகள் உண்டு. அதே கதைதான்.

கேள்வி: கியூட் போன்ற பெரிய மூட்டையைச் சுமக்காமல் சி பிளஸ் பிளஸ்ஸில் இதைச் செய்ய முடியாதா? – திருநெல்வேலி வாசகர்

பதில்: முடியும். பழைய வழி மேக்ரோ: பெயர்ப் பட்டியலை ஒரே இடத்தில் எழுதி, அதையே ஒருமுறை எனமாகவும் இன்னொருமுறை எழுத்துச் சரங்களாகவும் விரிப்பது. பார்க்க அவலட்சணம். ஆனால் எந்தத் தொகுப்பானிலும் ஓடும். என் செய்நிரல்களில் இன்னும் இரண்டு இடத்தில் இருக்கிறது.

அடுத்தது ஒரு கெட்டிக்காரத் தந்திரம். செயற்கூறு ஒன்று தன் முழுப் பெயரைத் தானே சொல்லும் வசதி பெரும்பாலான தொகுப்பான்களில் உண்டு. ஒவ்வோர் எண்ணையும் கொடுத்து அந்தச் செயற்கூறை விரித்து, அது சொல்லும் நீண்ட பெயருக்குள் எனத்தின் பெயர் இருக்கிறதா என்று வெட்டி எடுக்கிறார்கள். ‘மேஜிக் எனம்’ என்ற நூலகம் அப்படிச் செய்கிறது. ஆனால் எல்லா எண்ணையும் முயன்று பார்க்க முடியாதே. இயல்பாக −128க்கும் 127க்கும் இடையில்தான் தேடும். இணையப் பிழை எண்களுக்கு எனம் செய்தால் 404ஐ அதற்குத் தெரியாது. எல்லையை நீங்கள் அகட்டிக்கொடுக்க வேண்டும். அகட்ட அகட்டத் தொகுக்கும் நேரம் கூடும்.

மொழியே இதைச் செய்யும் நாளும் வருகிறது. 2025 யூனில் பல்கேரியத் தலைநகர் சோபியாவில் கூடிய தரக் குழு, ரிஃப்ளெக்‌ஷனை சி பிளஸ் பிளஸ் 26இல் சேர்க்க வாக்களித்தது. கவனியுங்கள், அது தொகுக்கும் நேரத்து ரிஃப்ளெக்‌ஷன். தச்சர் சீவுவதற்கு முன் நீங்களே கேட்டு எழுதிக்கொள்ளலாம்; கொப்பிக்காரப் பையன் வேண்டியதில்லை. கூரை ஏறிய பிறகு என்ன இருக்கும் என்பது நீங்கள் எழுதி வைத்ததைப் பொறுத்தது.

கேள்வி: தரவுத்தளத்தில் எனத்தை எண்ணாகச் சேமிப்பதா, பெயராகச் சேமிப்பதா? எங்கள் அலுவலகத்தில் இரண்டு அணியாகப் பிரிந்து வாதாடுகிறோம். – மானிப்பாய் வாசகர்

பதில்: ஐயா, நான் எந்த அணி என்று சொல்வதற்கு முன் என் சொந்த மானம் போன கதையைச் சொல்ல வேண்டும்.

2017இல் பனம்பொருள் கடை ஒன்றுக்கு விற்பனைச் செய்நிரல் எழுதினேன். இரண்டு கல்லா, இரண்டு கணினி, பின்னறையில் ஒரு தரவுத்தளம். பொருள் வகைக்கு எனம்: ஒடியல், புளுக்கொடியல், பனங்கட்டி, பனாட்டு. வரிசைப்படி 0, 1, 2, 3. சேமித்தது எண். மாத அறிக்கையில் பெயர் வரவேண்டுமே, அதற்கு மேலே சொன்ன ‘கியூ எனம்’. கையால் ஒரு பெயர் கூட எழுதவில்லை. பெருமையாக இருந்தது.

சில மாதம் கழித்துக் கடைக்காரர் ஒடியல் மாவும் விற்கத் தொடங்கினார். எனத்தில் ஒரு சொல் சேர்க்க வேண்டும். ஒடியலுக்குப் பக்கத்தில் ஒடியல் மா இருந்தால் பார்க்க அழகு என்று நினைத்தேன். அழகு! இரண்டாவது இடத்தில் செருகினேன். ஒரு செவ்வாய்க்கிழமை மாலை முதல் கல்லாவில் புதிய பதிப்பைப் போட்டேன். இரண்டாவது கல்லாவில் போடுவதற்குள் மின்சாரம் நின்றுவிட்டது. அதை மறுநாள் காலை பத்து மணிக்குப் போட்டேன்.

நான்காம் நாள் கடைக்காரர் தொலைபேசி எடுத்தார். கோபம் இல்லாத, குழம்பிய குரல். “பிள்ளை, நாங்கள் போன மாதம் ஒடியல் மா விற்கவே இல்லையே. அறிக்கையில் எண்பது கிலோ விற்றதாக இருக்கிறது. பனாட்டைக் காணவில்லை.”

உட்கார்ந்திருந்த கதிரையில் அப்படியே இருந்தேன். நடந்தது இதுதான். பழைய பதிவுகளில் 1 என்றால் புளுக்கொடியல். புதிய பட்டியலில் 1 ஒடியல் மா. பழைய 3 பனாட்டு. புதிய 3 பனங்கட்டி. பனாட்டு முழுவதும் பனங்கட்டிக் கணக்கில் ஏறியிருந்தது. ரிஃப்ளெக்‌ஷன் பொய் சொல்லவில்லை. இன்றைய பட்டியலை எடுத்து, நேற்றைய எண்ணுக்கு நேரே வாசித்தது. அவ்வளவு தெளிவாக, அவ்வளவு திருத்தமான எழுத்தில் வாசித்தது. வெறும் எண்ணாக அறிக்கை போயிருந்தால் கடைக்காரர் அன்றே சந்தேகப்பட்டிருப்பார். அழகான பெயரோடு போனதால், முதலில் தன் ஞாபகத்தைத்தான் சந்தேகப்பட்டிருக்கிறார்.

திருத்தும் வேலை அதைவிடச் சுவை. பழைய பதிவுகளோடு நான்கு நாள் புதிய பதிவுகளும் கலந்துவிட்டன. புதியவை எவை? முதல் கல்லாவில் செவ்வாய் மாலைக்குப் பிந்தியவை. இரண்டாவது கல்லாவில் புதன் காலை பத்துக்குப் பிந்தியவை. நல்ல காலம், ஒவ்வொரு பதிவிலும் கல்லா எண்ணையும் நேரத்தையும் எழுதி வைத்திருந்தேன். பழையவை ஆயிரக்கணக்கு, புதியவை சில நூறு. ஆகவே புதியவற்றைப் பழைய எண்ணுக்குத் திருப்புவது என்று முடிவு செய்தேன். 1ஐ 4 ஆக்க வேண்டும், 2ஐ 1 ஆக்க வேண்டும், 3ஐ 2, 4ஐ 3. இதை இதே ஒழுங்கில் செய்தால் என்ன ஆகும் என்று ஒரு கடதாசியில் எழுதிப் பாருங்கள். முதலில் 4 ஆன ஒடியல் மா, கடைசி அடியில் 3 ஆகி, பனாட்டோடு கலந்துவிடும். முதலில் 1ஐ 99 ஆக்கி ஓரமாக நிறுத்திவிட்டு, மற்றவற்றை நகர்த்தி, கடைசியில் 99ஐ 4 ஆக்கினேன். கடை பூட்டிய பிறகு, பின்னறையில், பனங்கட்டிக் குட்டான்களின் வாசத்துக்குள் இரவு பதினொரு மணி வரை.

வைத்தியரின் கிளினிக்கில் விடியவே போய் நம்பர் எடுப்போமே, எனத்தின் வரிசை எண் அந்த நம்பர்தான். இன்று உங்களுக்கு 7, நாளை அதே 7 வேறு ஒருவருக்கு. அதை நோயாளிக் குறிப்பேட்டில் ஆளின் அடையாளமாக எழுதி வைப்பவர் உண்டா? நான் எழுதினேன்.

ஜாவாவின் அதிகாரபூர்வக் குறிப்பே வரிசை எண் பெரும்பாலான நிரலாளர்களுக்குத் தேவைப்படாது என்று சொல்கிறது. ஆனால் அதே ஜாவா உலகில், தரவுத்தளத்தோடு பேசும் ஜேபிஏ முறையில் ஒன்றும் சொல்லாமல் விட்டால் வரிசை எண்தான் சேமிக்கப்படும். இந்த முரணை யார் யோசித்து வைத்தார்களோ.

இனி உங்கள் வாதம். பெயராகச் சேமித்தால் செருகும் வழு வராது. ஆனால் நாளை ஒருவர் பெயரின் எழுத்துப்பிழையைத் திருத்துவார், பழைய பதிவுகள் அநாதையாகும். என் வழக்கம்: ஒவ்வொன்றுக்கும் என் கையால் ஓர் எண் எழுதுவேன், ஒருமுறை கொடுத்த எண்ணை வேறொன்றுக்குக் கொடுக்க மாட்டேன், விற்பனை நின்ற பொருளின் எண்ணையும் அப்படியே விட்டுவிடுவேன். டெல்பி மொழியைப் பயன்படுத்துபவர்கள் மட்டும் கவனமாக இருங்கள். அங்கே கையால் எண் கொடுத்த எனத்துக்கு ஓடும்நேர வகைத் தகவல் கிடையாது. எண்ணைக் காப்பாற்றினால் பெயர் போய்விடும்.

கேள்வி: பட்டியலில் உள்ள எனப் பெயர்களை ரிஃப்ளெக்‌ஷன் மூலம் எடுத்து நேரே திரையில் காட்டுகிறேன். வேலை சுலபமாகிவிட்டது. மேலாளர் மட்டும் முகம் சுளிக்கிறார். – நல்லூர் வாசகி

பதில்: மேலாளர் பக்கம்தான் நானும்.

எங்கள் ஊரில் ஓர் ஆளுக்கு எத்தனை பெயர்? வீட்டில் ஒன்று. பிறப்புச் சான்றிதழில் இன்னொன்று. அடையாள அட்டையில் பெயரோடு ஓர் எண். 2016இலிருந்து அதுவும் 12 இலக்கம். மூன்றும் ஒரே ஆள்தான். ஆனால் அஞ்சல்காரர் வீட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நாய் குரைக்கும். எனத்தில் இருக்கும் பெயர் நிரலாளரின் வீட்டுப் பெயர். பதிவேட்டில் வழு தேடும்போது அது தங்கம். வாடிக்கையாளர் முன் போகக் கூடாது. திரைக்குத் தமிழில் ஒன்று, சிங்களத்தில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று வேண்டும். அது மொழிபெயர்ப்புக் கோப்பில் இருக்க வேண்டிய விடயம். ரிஃப்ளெக்‌ஷனைக் கொண்டு எனத்தின் எல்லாப் பெயரையும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று மொழியிலும் சொல் இருக்கிறதா என்று ஒரு சோதனை எழுதுங்கள். ஒன்று விடுபட்டாலும் கட்டுமானம் நிற்கட்டும். அதுதான் இந்த வசதிக்கு ஏற்ற வேலை.

ஜாவாவில் சிலர் குறுக்கு வழியாக, எனத்தின் ‘டுஸ்ட்ரிங்’ செயற்கூறை மாற்றி எழுதித் தமிழ்ப் பெயரைத் திருப்புவார்கள். திரை அழகாக வரும். பிறகு அந்தத் தமிழ்ச் சொல்லையே ‘வேல்யூஆஃப்’ செயற்கூறுக்குக் கொடுத்துப் பொருளைத் திரும்பப் பெறப் பார்ப்பார்கள். அது மூலப் பெயரை மட்டுமே ஏற்கும். தமிழ்ச் சொல்லைக் கண்டதும் பிழை என்று விதிவிலக்கை (exception) எறியும்.

கேள்வி: அப்படியானால் மூலப் பெயரையே தமிழில் எழுதிவிட்டால்? ஜாவா விடும் என்கிறார்களே. – பருத்தித்துறை வாசகர்

பதில்: விடும். பைதனும் விடும். எனக்கும் ஆசைதான். ஆனால் ‘புளுக்கொடியல்’ என்ற சொல்லை எடுத்துப் பாருங்கள். நடுவில் ‘கொ’ இருக்கிறது. யூனிகோட்டில் அந்தக் கொகரத்தின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். முன்னால் கொம்பு, பின்னால் கால் என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான். ஜாவாவுக்கு இரண்டும் வேறு வேறு பெயர். ஓர் ஊழியரின் விசைப்பலகை ஒரு விதம், இன்னொருவருடையது மற்ற விதம் என்றால், இரண்டு புளுக்கொடியலும் ஒன்றையொன்று அடையாளம் காணாது. பைதன் கொஞ்சம் கெட்டிக்காரி. மூலக் கோப்பில் உள்ள பெயர்களை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். ஆனால் ஓடும்போது நீங்கள் ஒரு சரத்தைக் கொடுத்து அந்தப் பெயரைத் தேடினால், சரத்தை அது திருத்தாது. தேடுவதற்கு முன் நீங்கள்தான் திருத்த வேண்டும். ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு என்று சின்ன வயதில் ரீச்சரிடம் அடி வாங்கியது போதாதென்று, இப்போது கணினியிடமும்.

கேள்வி: சி ஷார்ப்பில் பயனர் தட்டிய சொல்லை எனமாக மாற்றுகிறேன். பட்டியலில் இல்லாத சொல்லுக்குப் பிழை காட்டுகிறது. ஒருவர் 57 என்று தட்டினார், பிழை வரவில்லை! – சாவகச்சேரி வாசகர்

பதில்: அந்தச் செயற்கூறு எண்ணாக எழுதிய சரத்தையும் ஏற்கும், அந்த எண் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்காது. மாற்றிய பிறகு ‘இஸ்டிஃபைண்ட்’ கொண்டு கேளுங்கள். பல மதிப்புகளைச் சேர்த்து வைக்கும் கொடி வகை எனமானால் அதுவும் போதாது: சரியான இரண்டு கொடிகளின் சேர்க்கைக்கும் ‘இல்லை’ என்று சொல்லிவிடும்.

கேள்வி: ரிஃப்ளெக்‌ஷன் மெதுவானது என்று சொல்கிறார்களே? – அரியாலை வாசகி

பதில்: பெயர் தேடுவது சில சரங்களை ஒப்பிடும் வேலை. கல்லாவில் இருக்கும் அம்மா காசு எண்ணும் நேரத்தில் இலட்சம் முறை செய்யலாம். ஜாவாவில் மட்டும், எனத்தின் முழுப் பட்டியலைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு பிரதி எடுத்துத் தருகிறது. ஆகவே திரும்பத் திரும்ப ஓடும் வட்டத்துக்கு (loop) உள்ளே கேட்காமல் வெளியே ஒருமுறை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மகள் சாதாரண தரத்துக்குப் பாஸ்கல் படிக்கிறாள். உலகமே பைதனில் ஓடும்போது இது வீண் இல்லையா? – உடுவில் தந்தை

பதில்: இல்லை, ஐயா. நிக்லாஸ் விர்த் 1970இல் பாஸ்கலை வெளியிட்டபோது, நிரலாளர் தானே பெயர் சூட்டும் எண்ணிட்ட வகையையும் அதில் வைத்தார். இன்று இந்தப் பக்கத்தை நிரப்பிய கேள்விகள் எல்லாம் அங்கிருந்து வந்தவை. உயர்தரத்தில் பைதன் வரும். அதுவரை கிழமை நாட்களுக்கு ஓர் எனம் செய்து, அடுத்த நாளையும் முந்தின நாளையும் கேட்டுப் பார்க்கட்டும். ஞாயிற்றுக்கு அடுத்தது என்ன என்று கேட்டால் என்ன நடக்கிறது என்று எனக்கு எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: போன வருடம் ஒரு கூட்டத்தில் பனம்பொருள் கடைக் கதையைப் பாதி சொன்னீர்கள். கடைக்காரர் உங்களை மன்னித்தாரா? – இணுவில் வாசகர்

பதில்: அன்றிரவே ஒரு பெட்டி பனாட்டுத் தந்து அனுப்பினார். “இதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று நீங்களே சொல்லுங்கள்” என்றார். போன கிழமை மறுபடி அழைத்தார். ஒடியற்கூழுக்கு வேண்டியதெல்லாம் சேர்த்துப் பொதி செய்து விற்கப் போகிறாராம். கடைசி வரியில் சேர்த்தேன். எண் 5.